நாற்பத்தொரு கடலை உருண்டை

நேற்று உங்கள் வீட்டில் யார் யார் என்னென்ன தூக்கிப் போட்டீர்கள் என்று கேட்டால் சொல்ல முடியுமா உங்களால்? அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள். காய்த்தோல், டீத்தூள், பால் கவர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்துவிடும், அதற்கு மேல் போனால் யாருக்கும் பேச்சு கொஞ்சம் தடுக்கும். என்னால் சொல்ல முடியும். நேற்று மட்டுமில்லை, ஜனவரி முதல் தேதியிலிருந்து எங்கள் வீட்டுக் குப்பைக் கூடைக்குள் போன ஒவ்வொன்றையும் சொல்ல முடியும், யார் போட்டது, எது, எதனால் என்று, ஏனென்றால் அதற்கென்று ஒரு நோட்டே போட்டு வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இன்று காலையிலிருந்து அந்த நோட்டில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி நாற்பத்தொரு கடலை உருண்டையைச் சுற்றிக்கொண்டு என் மகள் வர்ணிகாவின் பிறந்தநாள் மிட்டாயாக நாலாம் வகுப்புக்குப் போய்விட்டது. நான் இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு முன்னால் நிற்கிறேன், மணி எட்டே முக்கால், போனை வாசலில் செக்யூரிட்டியின் பெட்டிக்குள் போட்டாயிற்று, பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அது வெளியே வராது. நான் சாதாரணமாக எதற்கும் பயப்படுகிற ஆளில்லை, பாம்பு வந்தாலும் முதலில் துடைப்பத்தைத்தான் தேடுவேன், ஆனால் இப்போது கைக்குள் இருக்கிற டி‑சர்ட் ஈரமாகிறது, அது என் கைவேர்வை.

கால் மணி நேரத்துக்கு முன்னால் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து மேசை ராசாமணி அக்காவுக்கென்று இரண்டு உருண்டை தனியாக எடுத்து வந்திருந்தேன், லைன் ஆரம்பிக்கும் முன் நீட்டினேன். "பாப்பா பொறந்தநாளுங்க்கா." அக்கா வாங்கி, பிரித்து, உருண்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள். அக்காவுக்குப் படிக்கிற பழக்கம் ஒன்று உண்டு, வடை சுற்றி வந்த காகிதத்தைக்கூடக் கடைசி வரிவரைக்கும் படிக்காமல் விட மாட்டாள். கடலையை மென்றுகொண்டே சத்தமாகப் படித்தாள். "மார்ச் பதினொண்ணு. மகிழ், குச்சி ஐஸ் குச்சி ஒன்று, கவர் ஒன்று, அப்பா வாங்கிக் கொடுத்தது. வர்ணி, பழைய நியூஸ்பேப்பர் நாலு ஷீட், பாய் நனைஞ்சது." அப்புறம் என்னைப் பார்த்து, "இதென்ன கோகிலா, மிட்டாய்க் கவருல வீட்டுச் சேதியெல்லாம் போட்டுக் கொடுக்கறே?" என்று சிரித்தாள். அக்காவின் பல்லில் வெல்லம் ஒட்டியிருந்தது. எனக்கு அதுதான் முதலில் தெரிந்தது, பல்லில் வெல்லம், பாகு ஒரு கம்பி கூடிவிட்டது, கொஞ்சம் முன்னாலேயே இறக்கியிருக்க வேண்டும் என்று. அதற்கப்புறம்தான் அந்தக் கையெழுத்து என்னுடையது என்பது கண்ணுக்குள் இறங்கியது. மணி அடித்துவிட்டது. பண்டல் வந்து மேசையில் விழுந்தது.

இரண்டும் ஒரே மாதிரி நோட்டு, அதுதான் நடந்த தப்பு. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுக்கிற எண்பது பக்க நோட்டு, இரண்டுக்கும் நானே பழுப்பு அட்டை போட்டது. ஒன்று வர்ணியின் போன வருஷத்து ரஃப் நோட்டு, ஒன்று குப்பை நோட்டு, இரண்டும் அரிசி டப்பா மேல்தான் கிடக்கும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து கடலையை வறுத்துத் தோலை ஊதி, பாகு காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் உருட்டி வைத்தேன். சின்னவள் மகிழுக்கு ஒரு பக்கம் பால், பூபதி மாமாவுக்கு ஏழு மணி ஷிப்டு, மாமா என்றால் என் வீட்டுக்காரர், அவருக்கு டிபன் டப்பா, அதற்கிடையில் ஸ்டேப்ளர் பின்னைக் கத்திமுனையால் நெம்பி எடுத்துவிட்டு, தாள்களைக் கொத்தாகப் பிடித்துக் குறுக்காக இரண்டாக வெட்டினேன். எழுதிய பக்கம் உள்ளே போகட்டும், வெறும் பக்கம் வெளியே இருந்தால் மிட்டாய் பளிச்சென்று இருக்கும் என்று நினைத்தேன், இரண்டு பக்கமும் எழுதியிருப்பது தெரிந்ததும், சரி, கணக்கு ரஃப் தானே, பிள்ளைகள் பார்த்தால் வாய்ப்பாடு ஞாபகம் வரட்டும் என்று எனக்கு நானே ஒரு ஜோக் வேறு சொல்லிக்கொண்டேன். ஒரு வரியைப் பார்த்தேனா நான்? ஒரே ஒரு வரி? எள்ளளவு கறை இருந்தாலும், ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறதுதான் எனக்கு வேலையே, ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் பார்க்கிற கண்ணு இது. வீட்டில் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

கடையில் ஒரு பாக்கெட் சாக்லேட் வாங்கியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. வர்ணியும் அதைத்தான் கேட்டாள், நேராகக் கேட்கவில்லை, "ரித்தீஷ் பொறந்தநாளுக்கு டப்பாவுல வர்ற சாக்லேட் குடுத்தாம்மா" என்றாள், சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தாள். நாற்பத்தொரு பிளாஸ்டிக் கவர், நாற்பத்தொன்றும் பள்ளிக்கூட மைதானத்தில் பறக்கும் என்று நான்தான் நீட்டி முழக்கினேன். அவள் சரி என்றாள். அந்தச் சரி கொஞ்சம் மெல்லிசாக இருந்தது, கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இப்போது எந்தப் பக்கம் யார் கையில் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். நாற்பத்து மூன்று துண்டு, அப்படியென்றால் இருபத்திரண்டு தாள். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் எழுதுவேன், ஒரு தாளுக்கு ஆறு நாள். பின்பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் தப்பித்தேன், ஏப்ரல் பாதிக்கு அப்புறம் பாய் நனையவே இல்லை. ஆனால் ராசாமணி அக்கா கையில் இருப்பது மார்ச். அப்படியென்றால் முன்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறேன், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே பாதி. மறுபடி எண்ணுகிறேன். ஒரு வேளை நடுவிலிருந்து. நடுவிலிருந்து என்றாலும் மார்ச், ஏப்ரல் உள்ளே வந்துவிடுகிறது. கழுத்துப் பட்டை சரி, தோள்பட்டைத் தையல் சரி, கைமடிப்பு சரி, திருப்பு, ஓரத்தில் நூல், வெட்டு. எப்படித் திருப்பினாலும் மார்ச் வருகிறது.

அந்த நோட்டு எதற்கு என்று கேட்பீர்கள். உலகத்தைக் காப்பாற்றுகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை, நான் பத்தாவது வரைக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவ்வளவு பெரிய எண்ணம் நமக்கு எதற்கு. போன டிசம்பரில் மழை, ஏழு நாள் குப்பை வண்டி எங்கள் லைன் வீட்டுப் பக்கம் வரவில்லை. வாசலில் வைத்தால் நாய் இழுக்கிறது, அதனால் ஒரே அறையும் சமையல் கட்டுமாக இருக்கிற வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே சாப்பிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்தோம். எட்டாம் நாள் வண்டி வந்தபோது தூக்கிப் போகிறதுக்கு முன்னால் திறந்து பார்த்தேன். நாங்கள் நாலு பேரும் அதற்குள் இருந்தோம், சொன்னால் சிரிப்பீர்கள். மாமா பல்லில் கடித்துப் பிரித்த பாக்கு பொட்டலம் அப்படியே பல் அடையாளத்தோடு, மகிழ் நக்கித் தீர்த்த சாஸ் பாக்கெட், நான் அவசரத்தில் பாதி பிழிந்து போட்ட ஷாம்பூ, வர்ணி பென்சில் சீவிய சுருள். அன்றைக்குத்தான் எழுதலாமென்று தோன்றியது. திட்டினால் யாரும் கேட்பதில்லை, எழுதினால் வெட்கம் வரும். முதல் மாதம் வீடே திருவிழா மாதிரி இருந்தது. வர்ணிதான் தலைமை. "அம்மா, நீ ஷாம்பூ பாக்கெட்டை என்ற பென்சில் சீவலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கே, எழுது, எழுது!" என்று கையைப் பிடித்து எழுத வைப்பாள். மாமா கறிக்கடைக்குத் தூக்குவாளி கொண்டு போனார், கடைக்காரர் "ஏனுங் பூபதி, பால் கறக்க வந்தீங்களா?" என்று கேட்டாராம், வீட்டுக்கு வந்து அதையும் சொல்லிச் சிரித்தார். எண்ணெய்க்குக் கேன், தயிருக்குச் சொம்பு, வண்டிப் பெட்டியில் எப்போதும் ஒரு துணிப்பை. ஓட்டைப் பக்கெட்டில் காய்த்தோல் போட்டு மண் மூடினேன், தானாக ஒரு தக்காளிச் செடி வந்தது. பதினாலு தக்காளி. பதினாலையும் எழுதினேன், குப்பை நோட்டில் வரவு எழுதின ஒரே ஆள் நான்தான்.

அப்புறம் களைப்பு வரும். அதை யாரும் சொல்வதில்லை. ஓவர்டைம் முடிந்து எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால் தூக்குவாளி எங்கே, துணிப்பை எங்கே, நாலு பரோட்டா பார்சல், சால்னாவுக்கு இரண்டு கவர், வெங்காயத்துக்கு ஒரு கவர், அதையெல்லாம் போட ஒரு கவர். ஒரு நாள் பதினொன்று எழுதினேன், பதினொன்றுக்கு நேராகக் காரணம் என்ற இடத்தில் "கால் வலி" என்று எழுதினேன். இங்கே வந்து நின்றால் அதுவும் சிரிப்பாகிவிடும். கட்டிங் டேபிளுக்குக் கீழே துணித்துண்டு மலையாகக் கிடக்கிறது, தினம் மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். நான் பார்த்து அனுப்புகிற ஒவ்வொரு டி‑சர்ட்டும் ஒரு பாலிதீன் பைக்குள் போகிறது, பத்து பை ஒரு பெரிய பைக்குள், பெரிய பை அட்டைப் பெட்டிக்குள். வீட்டில் ஒரு ஷாம்பூ பாக்கெட்டுக்குப் பஞ்சாயத்து வைத்துவிட்டு இங்கே எண்ணூறு பாலிதீனுக்குச் சட்டை அனுப்புகிறவள் நான். விட்டுவிடலாம் என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன். ஆனாலும் மறுநாள் நோட்டை எடுப்பேன், ஏனென்று கேட்டால் வேறெந்த நோட்டிலும் நாங்கள் நாலு பேரும் ஒரே பக்கத்தில் வருவதில்லை. ஷிப்டு ஒருத்தருக்கு ஒரு நேரம், பள்ளிக்கூடம் ஒரு நேரம், பால்வாடி ஒரு நேரம், ஒரே கூடைக்குள்தான் எல்லோரும் கூடுகிறோம். அய்யோ, கூடைக்குள் என்னென்ன கூடியிருக்கிறது, அதுதானே இப்போது கிளம்பிப் போயிருக்கிறது.

பிப்ரவரி. பிப்ரவரியை நான் நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் தக்காளி பேசிக்கொண்டிருந்தேன். மாமா வேலை பார்த்த நிட்டிங் மிஷின் ஆறு வாரம் நின்றுவிட்டது, ஆர்டர் இல்லை. வீட்டில் இருக்கிற மனுஷன், பகல் வெளிச்சம், நாலு சுவர். அப்போது எழுதியிருக்கிறேன், "அப்பா, கண்ணாடி பாட்டில் ஒன்று." மறுநாள், "அப்பா, ஒன்று." அதற்கு மறுநாள் "அப்பா" என்று மட்டும். காரணம் எழுதுகிற இடம் காலியாக இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, "நான், ஒரு குண்டான் சோறு." அதற்கும் காரணம் எழுதவில்லை. அன்றைக்கு அவர் கத்தினார், நான் கத்தினேன், வடித்து இறக்கின சோற்றை அப்படியே கொண்டுபோய்க் கொல்லைப் பக்கம் கவிழ்த்தேன், ஆவி வந்தது, கோழிகள் சூடு தாங்காமல் தள்ளி நின்றன. திரும்பிப் பார்த்தால் வர்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு பருக்கையைக்கூட வீணாக்காதே என்று சொல்கிற வாய் என்னுடையது. அந்த வாரக் கடைசியில்தான் முதல் தடவை பாய் நனைந்தது. எட்டு வயதுப் பிள்ளை, மூன்று வயதிலேயே அந்தப் பழக்கத்தை விட்டவள். கீழே விரிக்கப் பழைய பேப்பர் போட்டேன், பேப்பர் குப்பைக்குப் போனது, குப்பைக்குப் போனதை எழுத வேண்டும் என்பது சட்டம், அதனால் எழுதினேன். பேர், பொருள், காரணம். வர்ணி, பேப்பர், பாய் நனைஞ்சது. ஒரு நாள் பஞ்சு மெத்தையையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று, அதையும் எழுதினேன். இப்போது மாமாவுக்கு வேறு கம்பெனி, பாட்டில் கிடையாது, பாயும் காய்ந்துவிட்டது, ஆனால் எழுத்து காயாது போலிருக்கிறது. "ஏனுங்க்கா, கண்ணு எங்க இருக்குது?" சூப்பர்வைசர் தீபன் ஒரு பீஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அக்குளில் ஐந்து பைசா அளவுக்கு ஓட்டை. நான் பாஸ் போட்டு அனுப்பியது. வெளிச்சம் அந்த ஓட்டை வழியாக வந்து அவன் சட்டையில் விழுகிறது.

"தம்பி, ஒரு போன் பண்ணணும். ரெண்டே நிமிஷம்." "யாருக்குங்க்கா? என்ன விஷயம்?" என்ன விஷயம் என்று சொல்வேன். என் பிள்ளை பாயை நனைத்த சேதி கடலை உருண்டையைச் சுற்றிப் போயிருக்கிறது தம்பி என்றா? ராசாமணி அக்கா பின்னாலிருந்து கிசுகிசுக்கிறாள். "குழந்தைக்குக் காச்சல்னு சொல்லுடி." பிறந்தநாள் அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "ஸ்கூலுக்குத் தம்பி, ஒரு அவசரம்." அவன் நல்லவன்தான், முகம் சங்கடப்பட்டது. "இன்னைக்கு பையர் ஆடிட்டுங்க்கா, ஆர்டர் குடுத்தவங்க பாக்க வந்திருக்காங்க. பெட்டிச் சாவி மேனேஜர்கிட்ட, மேனேஜர் அவங்க கூட. லஞ்சுக்கு முதல் ஆளா நீங்க எடுத்துக்குங்க, நான் சொல்லி வெக்கறேன்." போய்விட்டான். அக்கா அந்தப் பேப்பர் துண்டை எட்டாக மடித்து என் மேசை விளிம்பில் வைக்கிறாள். "நான் படிச்சதை மறந்துட்டேன். நீயும் மற." அக்கா மறப்பாள். நாலாம் வகுப்பு மறக்குமா? நான் படித்தபோது ஒரு பையன் காலில் ஆணி குத்தி அழுதான், அழுததற்கு அவனுக்கு ஒரு பேர் வைத்தோம், அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் ஊரில் அந்தப் பேர்தான். நானும் கூப்பிட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே கூப்பிட்டிருக்கிறேன். பிள்ளைகள் பேர் வைப்பதற்கு ஒரு வரி போதும், நான் எத்தனை வரி அனுப்பியிருக்கிறேன், ஒவ்வொன்றும் கையில் ஒட்டுகிற வெல்லத்தோடு, ஒட்டினதைப் பிரித்து வழித்து நக்குகிறபோது கண் தானாக எழுத்து மேல் போகும்.

பதினொரு மணி. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலே தெரியும், டீ கேன் காலியாகிற சத்தம். இரண்டாவது பீரியடுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இண்டர்வல், அப்போதுதான் பிறந்தநாள் மிட்டாய் கொடுப்பார்கள். மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு போனாள், போன தீபாவளிக்கு எடுத்தது, கீழ்மடிப்பைப் பிரித்து விட்டு நானே நீளமாக்கியது, பழைய மடிப்பின் கோடு லேசாகத் தெரியும், "தெரியுதாம்மா?" என்று கேட்டாள், "டிசைன் மாதிரி இருக்குது கண்ணு" என்றேன். அவளுக்கு வருகிற எல்லாவற்றிலும் ஒரு பழைய கோடு தெரிகிறது. இப்போது எழுந்து நிற்பாள். டப்பாவைத் திறப்பாள். முதல் பெஞ்சு. கைகள். ஒருத்தன் பிரிப்பான், படிப்பான், பக்கத்தில் இருப்பவனைத் தட்டுவான். அவன் அவளைப் பார்ப்பான். அந்தப் பார்வை அவள் மேல் விழுகிற இடத்தில் நான் போய் நிற்க முடிந்தால் போதும். இந்த மேசை வேண்டாம், நோட்டு வேண்டாம், நாலு பேரும் ஒரு பக்கத்தில் வர வேண்டாம், நாற்பத்தொன்று என்ன நானூறு கவர் பறந்தாலும் பறக்கட்டும். வீட்டுக்குப் போனதும் மீதி நோட்டை அடுப்பில் வைத்துவிடுகிறேன். தூக்குவாளியைப் பரணில் போட்டுவிடுகிறேன். எல்லோரையும் போல இருந்துவிட்டுப் போகிறோம்.

அதை நினைக்கும்போதுதான் இன்னொன்று வந்து மாட்டிக்கொள்கிறது, நூல் ஊசிமுனையில் மாட்டுகிற மாதிரி. எழுது எழுது என்று கையைப் பிடித்து இழுத்த பிள்ளை எப்போதிலிருந்து நோட்டுப் பக்கம் வரவில்லை? ஜனவரி முழுக்க என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிப்ரவரியில் ஒரு நாள், "எனக்கு ஹோம்வொர்க் இருக்குது." அப்புறம் "தூக்கம் வருது." அப்புறம் நான் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கு எதிலும் ஒரு மாதம்தான் ஆசை என்று மாமாவிடம் சொன்னேன், அவரும் ஆமாம் என்றார். ஆசை போகவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியும். அரிசி டப்பா அவள் கைக்கு எட்டுகிற உயரம். காலையில் நான் அரிசி அளக்கச் சொல்லி அனுப்புகிறபோதெல்லாம் அந்த நோட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறந்திருப்பாள். அவளுடைய பேரும், அதற்கு நேராக நான் எழுதினதும். அப்பா பாட்டிலுக்குக் காரணம் எழுதாமல் விட்டேன். என் சோற்றுக்குக் காரணம் எழுதாமல் விட்டேன். பெரியவர்களுக்கு இடம் காலியாக விடத் தெரிந்தது எனக்கு. அவளுக்கு மட்டும் காரணத்தை எழுத்து எழுத்தாக எழுதினேன். நாலாம் வகுப்புக்குத் தெரிவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தினம் அரிசி அளந்திருக்கிறாள். கழுத்து சரி, தோள் சரி, கைமடிப்பு... கண்ணில் தண்ணீர் முட்டினால் வெள்ளைத் துணியில் எதுவும் தெரிவதில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

மணி அடித்தது. தீபன் சொல்லி வைத்திருந்தான், செக்யூரிட்டி தாத்தா என் போனைத் தனியாக எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து ஜெசிந்தா டீச்சருக்கு அடித்தேன், நாலு ரிங். "ஏனுங் டீச்சர், நான் வர்ணிகா அம்மா." "சொல்லுங்கம்மா, இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டு இருந்தோம்." "உங்க பொண்ணு இன்னைக்கு பாதாம் இலையில வெச்சு உருண்டை கொடுத்தாம்மா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு இலை. கழுவித் துடைச்சு. ஒரு கவர் இல்ல, ஒரு பேப்பர் இல்ல. எல்லாரும் கைதட்டினோம். நீங்க சொல்லிக் குடுத்து அனுப்புனீங்களா?" பாதாம் இலை. பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரம் உண்டு, இலை உள்ளங்கையை விடப் பெரிதாக விழும். "இல்லீங் டீச்சர்," என்றேன், "நான் சொல்லிக் குடுக்கலீங். அவகிட்ட ஒரு வார்த்தை பேசலாமுங்களா?" போன் கை மாறுகிற சத்தம், பெஞ்சு நகர்கிற சத்தம், அப்புறம் வெளிக்காற்று. தனியாக ஓரமாக வந்திருக்கிறாள்.

"அம்மா." "கண்ணு, அம்மா அந்தப் பேப்பரு..." "தெரியும். ஆட்டோவுல எங்க கிளாஸ் நஃபிலா ஒண்ணு கேட்டா, குடுத்தேன். அவ பிரிச்சா." "படிச்சுட்டாளா?" "ம்." "எந்தப் பக்கம்?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் பக்கத்தைத் தாண்டி அடுத்ததுக்குப் போனாள். "ஒண்ணும் சொல்லலம்மா அவ. மடிச்சு என்ற கையில குடுத்துட்டா. அப்புறம் தொட்டிக்குப் பின்னால ரெண்டு பேரும் உக்காந்து எல்லாத்தையும் பிரிச்சோம். வெல்லத்துல ஒட்டிக்கிச்சு, நகத்துல சுரண்டுனேன். அவதான் இலை பொறுக்குனா. நாப்பத்தொரு பேப்பரும் என்ற பைக்குள்ள இருக்குது, எண்ணிட்டேன்." மூச்சு விட்டாள். "நீ சோறு கொட்டுனது இருந்துச்சு. அதை நஃபிலாகூடப் பாக்கல, நான் மொதல்லயே எடுத்து மடிச்சு வெச்சுட்டேன். அப்பாவோடதையும்." படிக்கட்டில் ஆட்கள் என்னைத் தாண்டி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள், டிபன் டப்பா சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், என்னால் எழுந்து வழிவிட முடியவில்லை. நான் அவளைக் காப்பாற்ற முடியவில்லையே என்று காலையிலிருந்து இங்கே வேகிறேன், அவள் அங்கே நகத்தால் சுரண்டி எங்களை எடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறாள். "வர்ணி, அம்மா தப்புப் பண்ணிட்டேன் தங்கம். சாயங்காலம் வந்ததும் அந்த நோட்டை எரிச்சுப் போடறேன். இனிமே அது வேண்டாம்." "எரிக்காதே." பட்டென்று வந்தது. "தக்காளி எழுதுன பக்கமும் அதுலதானே இருக்குது. மகிழ் ஐஸ் குச்சியை ஒளிச்சு வெச்சதும் இருக்குது." சாப்பாட்டு நேரத்துச் சத்தம் தூரத்தில் கேட்டது, யாரோ அவள் பேரைக் கூப்பிட்டார்கள், வெறும் அவள் பேரைத்தான், வேறு பேர் இல்லை. "வர்றேன்" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மெல்லச் சொன்னாள்.

"அம்மா, நோட்டு இருக்கட்டும். நீ எழுது. ஆனா என்ற பேரை எழுதறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேளும்மா."